நினைவு போனபின் நினைப்பது யார்?

ஊதா மூடி போட்ட சின்னக் குழாய். முழங்கை மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, ரத்த நாளத்தைத் தட்டிப் பார்த்து, நாலைந்து மில்லி ரத்தம் எடுக்கிறார்கள். உறையாமல் இருக்கக் குழாயின் உட்சுவரிலேயே மருந்து பூசியிருக்கும். அது கலக்கட்டும் என்று நர்ஸ் குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துகிறார். பிறகு அது இயந்திரத்தில் சுழல்கிறது. சிவப்பணுக்கள் அடியில் படிந்துவிட, மேலே வெளிறிய மஞ்சளில் பிளாஸ்மா தெளிந்து நிற்கிறது. அந்த மஞ்சள் நீரில் தேடப்படுவது டௌ என்ற புரதத்தின் ஒரு வடிவம். பி-டௌ 217 என்று பெயர். அதன் அளவைச் சொல்ல பிக்கோகிராம் என்ற அலகு வேண்டியிருக்கிறது. ஒரு கிராமை ஒரு லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் பிக்கோகிராம்.

சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ரத்தம் கொடுத்துப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் தெரியாது. ஆனால் இந்தக் குழாய் சொல்லும் சேதி வேறு. அல்சைமர் நோயின் புரதப் படிவுகள் அந்த மனிதரின் மூளையில் சேர்ந்துகொண்டிருக்கின்றனவா என்று அது சொல்கிறது. சாவியை எங்கே வைத்தோம் என்ற முதல் தடுமாற்றம் வருவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்பே அந்தப் படிவுகள் சேரத் தொடங்கிவிடும்.

இதை அறிய முன்பு இருந்த வழிகள் கடினமானவை. நீண்ட காலம், இறந்தவரின் மூளையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் உறுதி. பிறகு முதுகெலும்பின் இடையே ஊசி இறக்கி நீர் எடுத்துப் பார்த்தார்கள். பெட் ஸ்கேன் வந்தது, அதன் விலை எல்லோருக்கும் எட்டாது. 2024இல் சுவீடனில் நினைவுக் குறைபாடு என்று வந்த 1,213 பேரிடம் ரத்தச் சோதனையை வைத்துப் பார்த்தார்கள். மறதிநோய் நிபுணர்கள் நூற்றுக்கு 73 பேரிடம் சரியாகக் கண்டுபிடித்தார்கள். பொது மருத்துவர்கள் 61 பேரிடம். ரத்தம் 91 பேரிடம் சரியாகச் சொன்னது. 2025 மே மாதம் அமெரிக்காவின் உணவு மருந்து ஆணையம் இத்தகைய ரத்தச் சோதனை ஒன்றுக்கு முதன்முறையாக அனுமதி தந்தது. அந்த அனுமதி 55 வயது நிறைந்து, ஏற்கெனவே அறிகுறிகளோடு மருத்துவரிடம் வருபவர்களுக்கு மட்டும்.

எச்சிலின் கதை இன்னும் எளிது. அதில் உதிர்ந்து கிடக்கும் செல்களில் மரபணு இருக்கிறது. ஏப்போஈ என்ற மரபணுவின் நான்காம் வடிவம் ஒருவருக்கு இருக்கிறதா என்று ஒரு குழாயில் துப்பிக் கொடுத்தே அறியலாம். ஒரு பிரதி இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு கூடும். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டும் சேர்ந்தால் இன்னும் பல மடங்கு. 2017 முதல் அமெரிக்காவில் இதை வீட்டிலிருந்தே அனுப்பித் தெரிந்துகொள்ள முடிகிறது. பிரிட்டனின் உயிரி வங்கியில் சேமித்திருந்த 52,645 பேரின் ரத்தத்தை ஆராய்ந்தபோது, பின்னாளில் மறதிநோய் வந்த 1,417 பேரிடம் சில புரதங்கள் பத்தாண்டுக்கும் முன்பே ஏறத் தொடங்கியிருந்தது தெரிந்தது. ஒருவரின் மூளை அவர் வயதைவிட மூத்திருக்கிறதா, இளமையாக இருக்கிறதா என்றுகூட ரத்தப் புரதங்களைக் கொண்டு கணக்கிடுகிறார்கள்.

ஆக, தெரிந்துகொள்ள வழி வந்துவிட்டது. தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா?

ஜாதகம் பார்ப்பவர்களிலும் பழைய ஆட்கள், ஆயுளைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். கேட்டவரும் அதற்குமேல் வற்புறுத்த மாட்டார். சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு வாழ முடியாது என்ற ஒப்பந்தம் அது. மரபணு அறிவியலின் தந்தையருள் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனும் இதையே செய்தார். 2007இல் அவருடைய மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்து உலகத்துக்குத் திறந்து வைத்தார்கள். ஒரே ஒரு இடத்தை மட்டும் மறைக்கச் சொன்னார்: ஏப்போஈ. அவருடைய பாட்டிக்கு அல்சைமர் இருந்தது. டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டு சொன்னவர்களில் ஒருவர் தன் டிஎன்ஏவின் அந்த ஒரு துண்டைப் பார்க்க விரும்பவில்லை. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

சொன்னால் தாங்குவார்களா என்றும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெற்றோரில் ஒருவருக்கு அல்சைமர் இருந்த, தாம் நலமாக இருந்த 162 பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். 2009இல் வந்த முடிவு ஆறுதலானது: பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னால், பெரும்பாலானவர்கள் உடைந்துபோவதில்லை. ஆனால் 2014இல் வந்த இன்னொரு ஆய்வு யோசிக்க வைக்கிறது. அந்த மரபணு வடிவம் தமக்கு இருப்பதை அறிந்த முதியவர்கள், அது இருந்தும் அறியாத முதியவர்களைவிடத் தம் நினைவாற்றலைக் குறைவாக மதிப்பிட்டார்கள். ஒரு நினைவுத் தேர்விலும் குறைவாகவே எடுத்தார்கள். இரு சாராருக்கும் மரபணு ஒன்றுதான். மழையைப் பற்றிய அறிவிப்பு மழையை மாற்றாது. தன்னைப் பற்றிய அறிவிப்போ, கேட்டவரையே கொஞ்சம் மாற்றிவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது விதி அன்று. அதை விளங்கிக்கொள்ள அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மன்கேட்டோ என்ற ஊருக்குப் போக வேண்டும்.

அங்கே குன்றின்மேல் ஒரு கன்னியர் மடம் இருந்தது. நோட்டர் டேம் பள்ளிச் சகோதரிகள் என்ற கத்தோலிக்கச் சபையினருடையது. பெரும்பாலோர் ஆசிரியைகள். 1986இல் டேவிட் ஸ்னோடன் என்ற இளம் ஆராய்ச்சியாளர் அங்கே வந்தார். சிறுவயதில் அவருக்கே பாடம் சொன்னவர்கள் கன்னியர்கள்தான். மூப்பைப் பற்றி ஆராய இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடைப்பது அரிது: ஒரே சமையலறைச் சாப்பாடு, புகை இல்லை, குடி இல்லை, பிள்ளைப்பேறு இல்லை, ஏறக்குறைய ஒரே வேலை, ஒரே வைத்தியம். வாழ்க்கை இவ்வளவு ஒன்றாக இருந்தும் ஒருவர் தொண்ணூறில் தெளிவாக இருக்கிறார், இன்னொருவர் எழுபத்தைந்தில் மங்கிப்போகிறார் என்றால் காரணம் எங்கேயோ இருந்தாக வேண்டும்.

1991 முதல் ஆய்வு மற்ற மடங்களுக்கும் விரிந்தது. அப்போது ஸ்னோடன் கேட்டது சிறிய உதவி இல்லை. ஆண்டுதோறும் நினைவுத் தேர்வு எழுத வேண்டும், ரத்தம் தர வேண்டும். இறந்தபின் மூளையைத் தர வேண்டும். 75 வயதுக்கு மேற்பட்ட 678 சகோதரிகள் கையெழுத்திட்டார்கள். உடலின் உயிர்த்தெழுதலை நாள்தோறும் செபத்தில் அறிக்கையிடுபவர்கள் அவர்கள். வாழ்நாள் முழுக்கப் பிறருக்காகவே கொடுத்தவர்கள், கடைசியாகக் கொடுக்க இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது என்று கண்டார்கள். மதமும் அறிவியலும் எதிரெதிர் நிற்பவை என்று பேசுவோர் இந்த 678 கையெழுத்துகளை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மடத்தின் ஆவண அறையில் ஸ்னோடனுக்கு ஒரு புதையல் கிடைத்தது. துறவு வாக்குறுதி தருவதற்கு முன், ஏறத்தாழ 22 வயதில், ஒவ்வொரு பெண்ணும் தன் வாழ்க்கையை ஒரு பக்க அளவில் எழுதித் தந்திருந்தாள். எங்கே பிறந்தோம், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், அழைப்பு எப்படி வந்தது என்று எழுதிய சாதாரணக் காகிதங்கள். மொழியியலாளர்கள் 93 பேரின் எழுத்தை எடுத்து, பத்துச் சொற்களில் எத்தனை கருத்துகள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணினார்கள். 1996இல் வெளிவந்த முடிவு பலரையும் திகைக்க வைத்தது. அப்போது வரை இறந்து, மூளை ஆராயப்பட்டவர்களில், 22 வயதில் கருத்துச் செறிவு குறைவாக எழுதிய எல்லோருக்கும் அல்சைமர் இருந்தது. செறிவாக எழுதிய ஒருவருக்கும் இல்லை. ரத்தத்தையும் எச்சிலையும் தேடுவதற்கு முன்பே மை ஒரு குறியைத் தந்திருந்தது.

இதைக் கேட்டதும், எல்லாம் இளமையிலேயே எழுதி முடிந்துவிட்டதோ என்று தோன்றும். அங்கேதான் மேரி என்ற சகோதரி வருகிறார். 19 வயதில் பாடம் சொல்லத் தொடங்கி 84 வயது வரை வகுப்பறையில் நின்றவர். 101 வயதில் இறக்கும்வரை நினைவுத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் எடுத்தவர். அவருடைய மூளையை ஆராய்ந்தபோது அதில் அல்சைமரின் படிவுகளும் முடிச்சுகளும் மிகுதியாக இருந்தன. இன்றைய ரத்தச் சோதனை அன்று இருந்து, அவருக்குச் செய்திருந்தால், பாசிட்டிவ் என்றே ரிப்போர்ட் வந்திருக்கக்கூடும். அவரோ கடைசிவரை தெளிவாகவே இருந்தார்.

படிவு இருப்பது வேறு, மறதிநோய் வருவது வேறு. படிவுகளோடு வாழ்ந்து, மறதி வராமலே வேறு காரணத்தால் இறப்பவர்கள் பலர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் பி-டௌ 217 ஏறிக் காட்டும். இதனால்தான் அறிகுறி இல்லாதவர்கள் இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நலமாக இருப்பவர்களிடம் இதை முழு உடல் பரிசோதனையில் ஒன்றாகச் சேர்த்து விற்றால் அது பெரும் தீங்கு. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு சொன்ன கணக்கையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும்: செவிக்குறை, ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை, பார்வைக்குறை, படிப்பின்மை என்று பதினான்கு காரணங்களைச் சரிசெய்தால், உலகின் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். அப்பாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்கித் தருவதற்கு எந்த ரத்தச் சோதனையும் வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் அடியில் ஒரு பயம் கரையாமல் கிடக்கும். புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தால் 'நான் சாகப்போகிறேன்' என்று பயம் வருகிறது. இங்கே வரும் பயம் 'நான் இருப்பேன், ஆனால் நானாக இருக்க மாட்டேன்' என்பது. யாழ்ப்பாணத்தில் இதை 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். ஏதோ ஒன்று அதன் இடத்தைவிட்டுப் பெயர்ந்துவிட்டது போலக் கேட்கும் சொல்.

1901 நவம்பரில் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் அகஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். அலோய்ஸ் அல்சைமர் எதிரே உட்கார்ந்து கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் கோப்பில் இருக்கின்றன. மதியச் சாப்பாட்டில் பன்றியிறைச்சியும் காலிஃபிளவரும். மென்றுகொண்டிருப்பவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்க, கீரை என்கிறார். தன் பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றுபோகிறார். தன்னையே தொலைத்துவிட்டதாக அவர் சொன்னதையும் மருத்துவர் குறித்து வைத்தார். நோயின் பெயர் மருத்துவருடையதாயிற்று. ஆனால் அந்த நோயை முதலில் சரியாகச் சொன்னவர் அகஸ்டேதான்.

தன்னைத் தொலைக்க முடியுமா? நினைவு எதுவரை நீள்கிறதோ அதுவரைதான் ஒரு மனிதர் அதே ஆள் என்று 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் வாதிட்டார். அந்தக் கணக்குப்படி மகளின் பெயரை மறந்த தாய், அந்த அளவுக்குத் தாயாகவே இல்லை. பெற்ற தாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிற எவரும் இதை ஏற்க மாட்டார்கள். அவர்கள் ஏற்காததில் ஓர் அறிவு இருக்கிறது.

மதங்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. கீதையின் எட்டாம் அத்தியாயம், உயிர் பிரியும்போது எதை நினைக்கிறாரோ அதையே ஒருவர் அடைகிறார் என்கிறது. பாகவதத்தில் பரதன் நாட்டைத் துறந்து தவத்துக்குப் போனவன். கடைசி நேரத்தில் தான் வளர்த்த மான்குட்டியின் நினைவு வந்ததால் மறுபிறவியில் மானாகப் பிறந்தான். நாள் தவறாமல் கோயிலுக்குப் போனவர், எண்பத்தைந்தில் பெருமாள் பெயரே நினைவில்லாமல் படுத்துக் கிடந்தால் அவர் கதி என்ன? இந்தக் கேள்வி இன்று எத்தனையோ வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் இருக்கிறது.

இதைப் பெரியாழ்வார் கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் அரங்கனைப் பார்த்துப் பாடிய ஒரு பதிகம் முழுவதும் இதைப் பற்றியதுதான். தளர்ச்சி வந்து வாட்டும் அந்த வேளையில் தம்மால் இறைவனை நினைக்கவே முடியாமல் போகும் என்று அவர் வெளிப்படையாகச் சொல்கிறார். கடைசி நேரத்தில் பக்தி தானாகக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் அவர் இளைப்பாறவில்லை. ஆகவே புத்தி தெளிவாக இருக்கும் இந்த வேளையில், அந்த வேளைக்குச் சொல்ல வேண்டியதை முன்கூட்டிச் சொல்லி அரங்கனிடம் ஒப்படைத்துவிடுகிறார். தன் மூளையின் மேல் தனக்கே உத்தரவாதம் இல்லை என்று ஒப்புக்கொண்ட பக்தி இது.

அவருக்கான பதில் வைணவ மரபிலேயே இருக்கிறது. சரம சுலோகங்கள் என்று ஆசாரியர்கள் போற்றும் மூன்றில் ஒன்று வராகப் பெருமாள் பூமிப்பிராட்டிக்குச் சொன்னது. உடலும் மனமும் நலமாக இருக்கும்போது ஒருவன் என்னை நினைத்திருந்தால் போதும். பின்னால் அவன் கட்டை போல, கல் போலக் கிடக்கும்போது அவனை நான் நினைத்துக்கொள்கிறேன் என்பது அதன் கருத்து. நினைக்கும் பொறுப்பு பக்தனிடமிருந்து பெருமாளுக்கு மாறிவிடுகிறது. ஸ்காட்லாந்தில் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் இறையியலாளர் ஜான் ஸ்விண்டன் 2012இல் மறதிநோயைப் பற்றி எழுதிய நூலில், மனிதர் யாரென்பது அவர் எதை நினைவில் வைத்திருக்கிறார் என்பதில் இல்லை, கடவுளின் நினைவில் அவர் இருப்பதில் இருக்கிறது என்கிறார். கிறிஸ்தவ இறையியலும் ஸ்ரீரங்கத்து மரபும் ஒரே வலியிலிருந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆழ்வார் பேசுவது உயிர் பிரியும் சில நாழிகைகளை. மறதிநோயோ அந்த நாழிகைகளைப் பத்தாண்டுகளாக நீட்டிவிடுகிறது. அந்தப் பத்தாண்டுகளிலும் அங்கே ஒருவர் வாழ்கிறார். இட்லியின் சூட்டை, கை பிடிப்பவரின் கையை உணர்கிறார். 1991இல் ஓர் அமெரிக்க மருத்துவ மாணவர் தான் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவர் துப்பறியும் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கங்களை முன்னும் பின்னுமாகப் புரட்டுவார். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைவார். தான் அறிந்தவர்களிலேயே மிக மகிழ்ச்சியானவர்களில் அவரும் ஒருவர் என்றார் மாணவர். இப்படிப்பட்டவர், தெளிவாக இருந்த காலத்தில், 'எனக்கு மறதிநோய் வந்தால் உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம்' என்று எழுதி வைத்திருந்தால் யார் சொல்லைக் கேட்பது? அன்று எழுதியவர் சொல்லைத்தான் என்றார் சட்டத் தத்துவ அறிஞர் ரொனால்ட் டுவொர்க்கின். இன்னொரு சட்ட அறிஞரான ரெபேக்கா டிரெஸ்ஸர் மறுத்தார்: இன்று எதிரே சிரித்துக்கொண்டிருப்பவரின் நலனைத் தள்ளிவிட எவருக்கும் உரிமையில்லை. டிரெஸ்ஸர் பக்கமே நியாயம் கூடுதலாக இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லி வைப்பது, பின்னால் வரப்போகும் தன்னை ஒருவர் கையில் ஒப்படைப்பதாக இருக்க வேண்டும். அவரைக் கைவிடுவதாக இருக்கக் கூடாது. ஆழ்வார் செய்தது முதலாவது.

எனவே, அறிகுறி தொடங்கிய ஒருவருக்கு இந்த ரத்தச் சோதனையால் வரும் பெரிய பயன் அவகாசம்தான். இன்றுள்ள மருந்துகள் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும், நிறுத்தாது. மூளை வீக்கம், ரத்தக்கசிவு என்ற பக்கவிளைவுகளும் உண்டு. அவகாசம் வேறு எதற்கெல்லாமோ வேண்டும். சொத்தை எழுத, வங்கிக் கணக்கில் பெயர் சேர்க்க, யாரோடு இருக்க விருப்பம் என்று சொல்ல, பேசாமல் இருக்கும் தம்பிக்கு ஒருமுறை போன் செய்ய. இந்தியாவில் சிகிச்சை குறித்த முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. அப்படி ஒன்றை எழுதும்போது மருத்துவத்தோடு, எந்தப் பாட்டு பிடிக்கும், எந்தச் சாமி படம் கட்டிலுக்கு எதிரே வேண்டும், காபியில் சர்க்கரை எவ்வளவு என்பதையும் எழுதி வைப்பது நல்லது. பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு அதுதான் தினமும் உதவும்.

அந்த ரிப்போர்ட்டை ஒருவர் தனியாக, இரவில், போனில் திறந்து பார்க்க நேரக் கூடாது. சொல்பவர் எதிரே இருக்க வேண்டும், உறவில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். யாரும் உடன் இல்லாதவருக்கு இந்த எண்ணைச் சொல்லிவிட்டு அனுப்புவது மருத்துவம் ஆகாது.

மூளையைத் தருவதாகக் கையெழுத்திட்ட அந்தச் சகோதரிகளில் எல்லோரும் மேரியைப் போல இருக்கவில்லை. சிலருக்கு நோய் முற்றியது. அந்த மடங்களில் ஆண்டுத் தேர்வுக்குப் பத்துச் சொற்களைக் காட்டி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லக் கேட்பார்கள். ஒன்றும் வராமல் உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள். தேர்வு முடிந்ததும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகக் கூடவே இன்னொரு சகோதரி இருந்தார். அவர்கள் இறந்தபோது, தெளிவாக இருந்த நாளில் தந்த வாக்கின்படி மூளை ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது. உடலைச் சபையினர் மடத்துக் கல்லறையில், பெயர் எழுதி, அடக்கம் செய்தார்கள்.